108 வந்துவிட்டது, அப்புறம்?

தமிழ்நாட்டில் ஆம்புலன்ஸ் பற்றிய புகார் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். போன் பண்ணி அரை மணி நேரம் ஆயிற்று, வண்டி வரவே இல்லை. அதற்கு அதிகாரிகள் தரும் பதிலும் ஒரே மாதிரிதான். மாநில சராசரி பத்து நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே, சென்னையில் அதைவிடக் குறைவு. கேட்கிறவர்களுக்கு இதில் யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்றுதான் தோன்றும். பெரும்பாலும் இருவருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஆனால் இருவர் கையிலும் இருக்கிற கடிகாரம் வேறு வேறு.

அரசின் கடிகாரம், அழைப்பு வந்ததும் ஓடத் தொடங்கி, வண்டி ஸ்பாட்டில் வந்து நின்றதும் நின்றுவிடும். நோயாளியின் கடிகாரம் நெஞ்சில் வலி எடுத்தபோதே ஓட ஆரம்பித்திருக்கும். சரியான ஆஸ்பத்திரியில் சரியான மருந்து உடம்பில் இறங்கும்வரை அது நிற்காது. வண்டி சீக்கிரம் வந்ததா என்ற கேள்வியிலேயே நம் விவாதம் எல்லாம் முடிந்துவிடுவதால், மீதி நேரத்தில் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அந்த மீதி நேரத்தில்தான் விஷயம் இருக்கிறது.

108 எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2005 ஆகஸ்ட் 15 அன்று ஹைதராபாத்தில் இ.எம்.ஆர்.ஐ. என்ற அமைப்பு இதைத் தொடங்கியது. சத்யம் கம்ப்யூட்டர்ஸ் ராமலிங்க ராஜுவின் முயற்சி அது. 2009இல் சத்யம் மோசடி வெளியே வந்து அவர் கைதான பிறகு ஜி.வி.கே. குழுமம் பொறுப்பேற்றது. இப்போது இ.எம்.ஆர்.ஐ. கிரீன் ஹெல்த் சர்வீசஸ் என்று பெயர். தமிழ்நாட்டுக்கு 2008 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று வந்தது. பணம் அரசுடையது. ஆளெடுத்து வண்டியை ஓட்டுவது அந்த நிறுவனம். மேற்பார்வை தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்துடையது, டி.என்.எச்.எஸ்.பி. என்று சொன்னால் துறையில் எல்லோருக்கும் தெரியும்.

அதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று நாற்பது வயது தாண்டிய யாரையும் கேட்டுப் பாருங்கள். ராத்திரி பிரசவ வலி எடுத்தால் ஊரில் கார் வைத்திருக்கிறவர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். விபத்து என்றால் சீட்டில் ரத்தம் படுமே என்று வாடகைக் கார்க்காரர் தயங்குவார். சில ஊர்களில் லயன்ஸ் கிளப் வேன் ஒன்று இருக்கும், டீசலுக்கு நாம் காசு கொடுக்க வேண்டும். அந்த நிலையிலிருந்து, எந்த ஊரிலிருந்து கூப்பிட்டாலும் காசில்லாமல் ஒரு வண்டி வரும் என்ற நிலைக்கு வந்தது சின்ன விஷயம் இல்லை. புகாரைப் பேசும்போது இதை மறந்துவிட்டால் கணக்கு தப்பாகிவிடும்.

வண்டிகளின் எண்ணிக்கையும் மோசமில்லை. மாநிலத்தில் 1,300க்கும் மேற்பட்ட 108 வண்டிகள் ஓடுகின்றன. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 7.21 கோடி. வகுத்துப் பார்த்தால் ஏறக்குறைய 55,000 பேருக்கு ஒரு வண்டி வருகிறது. தேசிய சுகாதார இயக்கம் வைத்திருக்கும் கணக்கு லட்சம் பேருக்கு ஒன்று. ஆக, எங்கள் தாலுகாவுக்கு இன்னும் ஒரு வண்டி வேண்டும் என்று எம்.எல்.ஏ.க்கள் எழுந்து கேட்பதும், அமைச்சர் தருகிறோம் என்று சொல்வதும், சில இடங்களில் நியாயம் என்றாலும், நோயின் வேரைத் தொடுவதில்லை.

போனை எடுத்தவர் கேட்கும் முதல் கேள்வி

முதல் தாமதம் 108க்குச் சம்பந்தமே இல்லாதது. வீட்டில் ஒருவர் மயங்கி விழுந்தால் நாம் முதலில் அழைப்பது அண்ணனை, மாமாவை, தெருவில் இருக்கும் நர்ஸ் அக்காவை. அவர்கள் வந்து பார்த்து, சோடா கொடுத்து, அப்புறம்தான் ஆம்புலன்ஸ். விபத்தில் வேறு மாதிரி. சுற்றி நிற்கிறவர்களுக்கு போலீஸ் ஸ்டேஷன் பயம். இந்தப் பயம் சட்டப்படி தீர்க்கப்பட்டுவிட்டது. உதவி செய்கிறவரைக் காவல்துறை துன்புறுத்தக்கூடாது, பெயர் சொல்லக் கட்டாயப்படுத்தக்கூடாது என்ற வழிகாட்டு நெறிகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016 மார்ச்சில் சட்ட பலம் கொடுத்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவாகவே அது ஏறியது. ஆனால் பயம் சட்டப் புத்தகம் படித்துப் போவதில்லையே.

சரி, கூப்பிட்டாயிற்று. அழைப்பு போவது உள்ளூருக்கு இல்லை, சென்னை தேனாம்பேட்டையில் டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கும் கட்டுப்பாட்டு மையத்துக்கு. எடுப்பவருக்கு உங்கள் ஊர் தெரியாது. அவர் கேட்கும் முதல் கேள்வி எங்கே இருக்கிறீர்கள் என்பதுதான். மாவட்டம், தாலுகா, ஊர், பக்கத்தில் என்ன லேண்ட்மார்க் என்று வரிசையாகக் கேட்பார். பதறிக்கொண்டு இருப்பவருக்கு இது வேண்டாத விசாரணையாகத் தெரியும். இத்தனை கேள்வி கேட்கிற நேரத்தில் வண்டியை அனுப்பியிருக்கலாமே என்று சண்டை போடுவார்கள். எங்கே என்று தெரியாமல் எங்கே அனுப்புவது?

இதில் எனக்கே ஓர் அனுபவம் உண்டு. ஒரு ராத்திரி பைபாஸில் பைக் விபத்து ஒன்றைப் பார்த்து நிறுத்தி, அவசர எண்ணுக்கு போன் போட்டேன். நான் எந்த ஊருக்குப் பக்கத்தில் நிற்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. கடைசியாகத் தாண்டிய டோல்கேட் எது என்று யோசித்து, ஏதோ ஒரு பெட்ரோல் பங்க் பெயரைச் சொல்லி, எதிர்ப்பக்கமா இந்தப் பக்கமா என்று குழம்பி, இரண்டு மூன்று நிமிடம் என்னாலேயே வீணாயிற்று. நான் நின்ற இடத்திலிருந்து பத்தடியில் கிலோமீட்டர் கல் இருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். அதைப் படித்துச் சொல்லியிருந்தால் போதும்.

சென்னையில் இன்னொரு கூத்து. ஒவ்வொரு பேட்டையிலும் ஒரு பிள்ளையார் கோயில் தெரு, ஒரு பஜனை கோயில் தெரு, நான்கைந்து முதல் குறுக்குத் தெரு. போதாததற்கு வீட்டுக்கு வீடு பழைய எண், புதிய எண். பழைய 14 புதிய 31ஆகி, புதிய 14 தெருக்கோடியில் இருக்கும். பகலில் தபால்காரரே தடுமாறும் கதவிலக்கத்தை ராத்திரி இரண்டு மணிக்கு வெளியூர் பைலட் கண்டுபிடிக்க வேண்டும். (108இல் டிரைவரை பைலட் என்றுதான் சொல்வார்கள்.) வீட்டில் ஒருவர் தெருமுனைக்கு வந்து நின்று டார்ச் அடித்தால் மிச்சமாகும் நேரம், புதிதாக ஒரு வண்டி வாங்கினாலும் மிச்சமாகாது.

பக்கத்து வண்டி எங்கே போயிருக்கிறது?

எங்கள் ஊர் ஸ்டேஷன் வாசலிலேயே 108 நிற்கிறது, ஆனாலும் முப்பது கிலோமீட்டர் தள்ளியிருந்து வேறு வண்டி வந்தது. இந்தப் புகார் எல்லா மாவட்டத்திலும் உண்டு. உள்ளூர் வண்டி அப்போது அங்கே இருந்திருக்காது என்பதுதான் அனேகமாகக் காரணம்.

108 வண்டிகள் ஏற்றும் கேஸ்களில் பெரும் பங்கு கர்ப்பிணிகள். அதில் குறை சொல்ல எதுவுமில்லை, மாநிலத்தில் வீட்டுப் பிரசவம் ஏறக்குறைய ஒழிந்ததில் இந்த வண்டிகளுக்குப் பங்கு உண்டு. இன்னொரு பெரும் பங்கு ரெஃபர் கேஸ். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து தாலுகா ஆஸ்பத்திரிக்கு, அங்கிருந்து மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு, அங்கிருந்து மெடிக்கல் காலேஜுக்கு. வேதாரண்யத்திலிருந்து ஒரு நோயாளியைத் தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோவதாக வைத்துக்கொள்வோம். நூறு கிலோமீட்டர் அளவு தூரம். போக இரண்டரை மணி நேரம், ஜி.எச்.சில் ஒப்படைக்க அரை மணி நேரம், திரும்ப இரண்டரை மணி நேரம். அந்த ஐந்தரை மணி நேரத்துக்கு வேதாரண்யத்தில் அந்த வண்டி இல்லை. அந்தச் சமயத்தில் கோடியக்கரைப் பக்கம் யாருக்காவது மாரடைப்பு வந்தால், அடுத்த தாலுகா வண்டிதான்.

இதில் யாரைக் குறை சொல்வது? தாலுகா ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டாக்டர் லீவில் இருந்தால் சிசேரியன் ரெஃபர் ஆகத்தான் செய்யும். சி.டி. ஸ்கேன் ரிப்பேர் என்றால் தலைக்காயம் ரெஃபர் ஆகத்தான் செய்யும். ஆஸ்பத்திரியில் இருக்கும் ஒரு காலியிடம், எங்கேயோ ஒரு தெருவில் ஆம்புலன்ஸ் தாமதமாக வந்து நிற்கிறது. ஆனால் புகார் பைலட் மேல்தான் போகும், கண்ணுக்குத் தெரிகிறவர் அவர்தானே.

ஜி.எச். வாசலில் இன்னொரு முடிச்சு. கொண்டுவந்த நோயாளியை வண்டியின் ஸ்ட்ரெச்சரிலிருந்து ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சருக்கு மாற்றினால்தான் வண்டி கிளம்ப முடியும். கூட்டமான நாளில் ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சர் கிடைக்காது. தள்ளுகிற ஆளும் கிடைக்கமாட்டார். 108 ஊழியர்கள் இரண்டு பேரும் அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

சாலையைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. வழிவிடாதவருக்கு 10,000 ரூபாய் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை என்று 194இ பிரிவு சொல்கிறது. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். 2025 ஆகஸ்டில் வேலூர் மாவட்டம் அணைக்கட்டில் அதிமுக பொதுச்செயலாளர் எடப்பாடி பழனிசாமி பேசிய கூட்டத்துக்குள் ஓர் ஆம்புலன்ஸ் வந்தது. உள்ளே நோயாளி இல்லாத வண்டியை வேண்டுமென்றே அனுப்புகிறார்கள் என்று அவர் மேடையிலேயே கோபப்பட்டார், அது பல நாள் சர்ச்சையாக ஓடியது. அன்று அந்த வண்டி எதற்காக வந்தது என்ற அரசியலை விட்டுவிடுகிறேன். ஆனால் காலி வண்டி எதற்கு சைரன் போட்டுக்கொண்டு போகிறது என்ற கேள்வி கட்சிக்காரர்களுக்கு மட்டும் உரியதில்லை, டிராஃபிக்கில் நிற்கும் பாதிப் பேருக்கு இருக்கிறது. காலி வண்டிதான் நோயாளியை ஏற்றப் போகிற வண்டி. அந்த நேரத்தில் நோயாளியின் பக்கத்தில் ஆக்சிஜனும் இல்லை, ஆளும் இல்லை. இரண்டில் ஒன்றுக்குத்தான் வழிவிட முடியும் என்றால் காலி வண்டிக்கு விடுவதுதான் பல சமயங்களில் சரியாக இருக்கும்.

சராசரிக்குள் ஒளிந்திருப்பவர்

இப்போது அந்த சராசரிக்கு வருவோம். ஒரு வட்டாரத்தில் பத்து அழைப்பு வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது பேருக்கு வண்டி 8 நிமிடத்தில் வந்துவிடுகிறது. பத்தாவது ஆள் மலையடிவாரக் கிராமத்தில் இருக்கிறார், அவருக்கு 50 நிமிடம். சராசரி 12.2 நிமிடம். அறிக்கையில் நன்றாகத்தான் இருக்கும். அந்தப் பத்தாவது ஆள் அறிக்கையில் எங்கேயும் இல்லை.

இங்கிலாந்து இந்தப் பள்ளத்தில் விழுந்து எழுந்த நாடு. பல வருடங்கள் அங்கே 8 நிமிட இலக்கு ஒன்று இருந்தது. இலக்கைத் தொட வேண்டும் என்பதற்காக, கடிகாரத்தை நிறுத்த முதலில் ஒரு பைக்கையோ காரையோ அனுப்பிவிடுவார்கள். நோயாளியை ஏற்றிப் போகிற வண்டி அப்புறம் மெதுவாக வரும். இலக்கு நிறைவேறிவிட்டது என்று கணக்கு சொல்லும். 2017இல் இதை மாற்றினார்கள். உயிர் போகிற நிலையில் இருப்பவர் முதல் வகை, மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை இரண்டாம் வகை என்று பிரித்தார்கள். முதல் வகைக்கு சராசரி 7 நிமிடம், கூடவே பத்தில் ஒன்பது பேருக்கு 15 நிமிடத்துக்குள் வந்தாக வேண்டும். இரண்டாம் வகைக்கு சராசரி 18, பத்தில் ஒன்பது பேருக்கு 40. இந்த இலக்குகளை அவர்கள் பிற்பாடு படுமோசமாகத் தவறவிட்டார்கள் என்பது வேறு கதை. ஆனால் தவறவிட்டது ஊருக்கே தெரிந்தது, ஏனென்றால் அந்தப் பத்தில் ஒன்பது கணக்கை மாதாமாதம் வெளியிடுகிறார்கள்.

நம் ஊரிலும் 2016 முதல் பைக் ஆம்புலன்ஸ் இருக்கிறது. சென்னை நெரிசலுக்கு அது நல்ல யோசனைதான், மூச்சுத் திணறலுக்கு ஆக்சிஜன், ரத்தம் நிறுத்தக் கட்டு, இதற்கெல்லாம் பைக் போதும். ஆனால் பைக் வந்த நேரத்தை ஆம்புலன்ஸ் வந்த நேரமாக எண்ணினால் இங்கிலாந்து செய்த அதே தப்பை நாமும் செய்வோம்.

நிமிடம் எல்லா நோய்க்கும் ஒரே விலை இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதயம் நின்றுபோனவருக்கு, யாரும் நெஞ்சை அழுத்தாமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. பத்து நிமிடத்தில் வரும் ஆம்புலன்ஸ் அவருக்குத் தாமதம்தான். பக்கத்தில் இருப்பவருக்கு நெஞ்சழுத்தம் கொடுக்கத் தெரிந்திருந்தால்தான் உண்டு. பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி போட நாலரை மணி நேரம் அவகாசம் இருக்கிறது. அங்கே வண்டி ஐந்து நிமிடம் முன்னே பின்னே வருவதைவிட, அது சி.டி. ஸ்கேன் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போனதா என்பதுதான் பெரிய கேள்வி. கால் எலும்பு முறிந்தவருக்குப் பெரும்பாலும் வேகத்தைவிட ஆட்டாமல் கொண்டுபோவதுதான் முக்கியம். இத்தனையையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கி ஒரு சராசரி எடுத்தால் அதிலிருந்து எதைத் தெரிந்துகொள்வது?

வண்டிக்குள் இருப்பவர்

இ.எம்.ஆர்.ஐ. தன் வேலையை மூன்று சொல்லில் சொல்லும்: சென்ஸ், ரீச், கேர். அழைப்பை அறிவது, போய்ச் சேர்வது, கவனிப்பது. முதல் இரண்டையும் கணினி அளந்துவிடும். மூன்றாவதை அளப்பது கஷ்டம். அதனாலோ என்னவோ அதைப் பற்றிப் பேச்சே வருவதில்லை.

108 ஆள்சேர்ப்பு முகாம் விளம்பரங்களை நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் நீங்கள் பார்த்திருக்கலாம். மருத்துவ உதவியாளர் வேலைக்கு நர்சிங் படித்தவர்கள் வரலாம், லேப் டெக்னீஷியன் டிப்ளமோ முடித்தவர்கள் வரலாம், பி.எஸ்.சி. தாவரவியல், விலங்கியல் படித்தவர்களும் வரலாம். தேர்வானவர்களுக்கு 50 நாள் பயிற்சி. பைலட்டுக்கு 10 நாள். 12 மணி நேர ஷிஃப்ட், பகல் ராத்திரி மாறி மாறி. சம்பளம் சில ஆண்டுகளுக்கு முன்புவரை பதினைந்து, பதினாறாயிரம் ரூபாய் அளவில்தான் போட்டிருந்தார்கள். எட்டு மணி நேர வேலை கேட்டும் போனஸ் கேட்டும் தீபாவளி நெருங்கும்போது தொழிற்சங்கம் போராட்டம் அறிவிப்பதும், மக்கள் பாதிக்கப்படமாட்டார்கள் என்று நிர்வாகம் அறிக்கை விடுவதும் பழகிப்போன காட்சி.

இங்கிலாந்தில் பாராமெடிக் ஆக மூன்று வருடப் பட்டப்படிப்பு. அதோடு ஒப்பிட்டு நம் பிள்ளைகளைக் குறைத்துப் பேசுவது என் நோக்கம் இல்லை. ஓடுகிற வண்டியில் பிரசவம் பார்த்துத் தாயையும் பிள்ளையையும் காப்பாற்றிய 108 ஊழியர்களின் செய்தி வாரத்துக்கு ஒன்றாவது வருகிறது, அது திறமை இல்லாமல் நடக்காது. சந்தேகம் வந்தால் கட்டுப்பாட்டு மையத்தில் இருக்கும் டாக்டரை போனில் கேட்டுக்கொள்ளும் வசதியும் இருக்கிறது. ஆனால் தாவரவியல் படித்துவிட்டு 50 நாள் பயிற்சி பெற்ற ஒருவர், பதினோராவது மணி நேரத்தில், நெளிந்து நசுங்கிய காரிலிருந்து கழுத்தெலும்பு உடைந்தவரை எடுக்கும்போது தப்பு நடந்தால், அந்தத் தப்பு அவருடையது மட்டுமா?

2021இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணை மருத்துவப் பணியாளர்களுக்கான ஆணையச் சட்டம், அவசர மருத்துவத் தொழில்நுட்பரைத் தனித் தொழிலாக அங்கீகரித்திருக்கிறது. டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் விபத்து, அவசர சிகிச்சைத் தொழில்நுட்பத்துக்கென்றே பி.எஸ்.சி. இருக்கிறது. அதைப் படித்தவர்கள் ஆம்புலன்ஸ் வேலைக்கு வருகிறார்களா, கார்ப்பரேட் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்களா என்பதை அந்தச் சம்பளத் தொகையைப் பார்த்து நீங்களே யூகிக்கலாம்.

வண்டியிலும் வகை உண்டு. சாதாரண வண்டியில் ஆக்சிஜன், கட்டுப்போடும் சாமான், பிரசவக் கிட், ஸ்ட்ரெச்சர். உயர்நிலை வண்டியில் வென்டிலேட்டர், மானிட்டர், இதயத்துக்கு அதிர்ச்சி கொடுக்கும் கருவி. பச்சிளங்குழந்தைகளுக்குத் தனி வண்டி. போன் செய்கிறவருக்கு எந்த வண்டி வரும் என்று தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் அனுப்புகிறவர் தேர்வு செய்ய, கூப்பிட்டவர் நோயைச் சொல்ல வேண்டும். சீக்கிரம் வாங்க, ரொம்ப சீரியஸ் என்று மட்டும் சொன்னால் அவரால் எதைத் தேர்வு செய்ய முடியும்?

எந்த ஆஸ்பத்திரிக்கு?

2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டம் பொன்னான நேரம் என்பதற்கு ஒரு விளக்கமே கொடுத்தது: காயம்பட்ட பிறகு ஒரு மணி நேரம். அமெரிக்காவின் பால்டிமோர் நகர அறுவை சிகிச்சை நிபுணர் ஆடம்ஸ் கௌலி பிரபலமாக்கிய கருத்து அது. சரியாக அறுபது நிமிடத்தில் ஏதோ கதவு மூடுகிறது என்பதற்கு ஆதாரம் குறைவு என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் சொன்னார்கள். ஆனாலும் அந்தச் சொல் நம் மேடைகளில் ஒட்டிக்கொண்டுவிட்டது. அதன் விளைவு, எங்கேயாவது சீக்கிரம் சேர்த்துவிட்டால் கடமை முடிந்தது என்ற எண்ணம். மூளை நரம்பு அறுவை சிகிச்சை இல்லாத இடத்தில் தலைக்காயத்தைச் சேர்த்தால், அங்கே ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி, ஓ.பி. சீட்டு எழுதி, மறுபடி வண்டி ஏற்றி அனுப்புவதற்குள் பொன் எல்லாம் பித்தளை ஆகியிருக்கும்.

இதைத் தமிழ்நாடு புரிந்துகொள்ளவில்லை என்று சொல்ல முடியாது. விபத்து எண்ணிக்கையில் இந்தியாவிலேயே முதலிடம் நமக்கு. 2022இல் மட்டும் 64,105 விபத்துகள், 17,884 சாவுகள். 2017ஐ ஒட்டித் தொடங்கிய டி.ஏ.இ.ஐ. என்ற விபத்து, அவசர சிகிச்சைத் திட்டத்தில், பெரிய அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளை நோயாளியின் ஆபத்து நிலைப்படி சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்தார்கள். நோயாளி வருமுன்பே 108 ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிட வேண்டும், சிவப்பு ஆளை உள்ளே போனதும் டாக்டர் பார்க்க வேண்டும், சீட்டு அப்புறம். 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் முதல்வர் ஸ்டாலின் தொடங்கிவைத்த 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் செலவை, தொடக்கத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை, அரசே ஏற்றது. பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிகளுக்கும் இது பொருந்தும். என் கணிப்பில், ஆம்புலன்ஸ் சேவைக்கு இந்தப் பத்து வருடத்தில் நடந்த மிகப் பெரிய நல்லது இதுதான், இத்தனைக்கும் இதில் ஒரு வண்டிகூட வாங்கவில்லை. பணம் யார் கட்டுவார்கள் என்று யோசித்துத் தூரத்து ஜி.எச்.சுக்குத் திருப்ப வேண்டிய அவசியம் குறைந்தது, அவ்வளவுதான்.

பாம்புக்கடியில் இதற்கு நேர்மாறான சிக்கல். அங்கே பெரிய ஆஸ்பத்திரியைத் தேடி ஓடுவதுதான் தப்பு. விஷமுறிவு மருந்து இருக்கும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் டோஸ் போட்டுவிட்டுக் கிளம்புவதுதான் சரி. உறவினர்கள் கேட்கமாட்டார்கள், நேரா டவுனுக்குப் போ என்பார்கள். அந்த இடத்தில் மருத்துவ உதவியாளர் உறுதியாக நிற்க வேண்டும். 50 நாள் பயிற்சியில் வராத பாடம் அது.

2023 மே மாதம், அதே அணைக்கட்டுப் பக்கம், அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. சாலை இல்லாத மலைக்கிராமம். அடிவாரம் வந்து ஆஸ்பத்திரி சேருவதற்குள் குழந்தை இறந்துவிட்டது. பிரேதப் பரிசோதனை முடிந்து உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ், பாதை அதற்கு மேல் இல்லை என்பதால் பாதியில் இறக்கிவிட, தாய் உடலைக் கையில் ஏந்திக்கொண்டு மலையேறினாள். அந்தப் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அன்று ஆம்புலன்ஸைத்தான் எல்லோரும் திட்டினார்கள். வண்டி எதில் ஏறியிருக்க முடியும்? மலைக்கென்று நாலு சக்கர இழுவை உள்ள வண்டிகளும் சில இருக்கின்றன. வால்பாறைக்கு நாற்பது, கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு, ஆனாலும் அங்கே தார்ச்சாலை இருக்கிறது, வண்டி போகும். ஜவ்வாது, கல்வராயன் மலைகளின் உள்கிராமங்களில் இன்றும் டோலி கட்டித்தான் தூக்கி வருகிறார்கள். அங்கே வண்டி வந்த நேரம் என்பது, வண்டி எதுவரை வரமுடியுமோ அந்த இடத்துக்கு வந்த நேரம்.

தனியார் ஆம்புலன்ஸ் தனிக்கதை, தொட்டுவிட்டு நகர்கிறேன். பல ஊர்களில் அது சைரனும் சிவப்பு விளக்கும் பொருத்திய பழைய ஆம்னி வேன், உள்ளே ஒரு சிலிண்டர், டிரைவர் மட்டும். கொரோனா இரண்டாம் அலையில் வாய்க்கு வந்த வாடகை கேட்டார்கள் என்பதால் 2021 மேயில் அரசு கட்டணம் நிர்ணயித்தது: சாதாரண வண்டிக்கு முதல் 10 கிலோமீட்டருக்கு 1,500 ரூபாய், ஆக்சிஜன் வசதி இருந்தால் 2,000, வென்டிலேட்டர் இருந்தால் 4,000. இன்று ஏதாவது ஒரு ஜி.எச். வாசலில் போய் இந்தத் தொகையைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள்.

இதே 108 முறையைக் கடல் தாண்டியும் பார்க்கலாம். இலங்கையில் 1990 என்ற எண்ணில் கூப்பிடும் சுவசெரிய ஆம்புலன்ஸ் சேவை, இந்திய நிதியுதவியில், இதே இ.எம்.ஆர்.ஐ. கைகொடுத்து 2016 ஜூலையில் மேற்கு, தெற்கு மாகாணங்களில் தொடங்கியது. 2018 ஜூலையில் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. 2018இலேயே அதற்கென்று தனிச் சட்டம் போட்டு ஓர் அறக்கட்டளையின் கீழ் கொண்டுவந்துவிட்டார்கள். பதினேழு வருடம் தாண்டியும் நாம் ஒப்பந்தத்தில்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் தாலுகாவில் ஆம்புலன்ஸ் சரியில்லை என்று தோன்றினால், வண்டி வேண்டும் என்று மனுக் கொடுப்பதற்கு முன் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி டி.என்.எச்.எஸ்.பி. பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் போட்டுப் பாருங்கள். சராசரியைக் கேட்காதீர்கள். போன வருடம் நம் தாலுகா அழைப்புகளில் முப்பது நிமிடத்துக்கு மேல் ஆனவை எத்தனை, எந்தெந்த ஊர் என்று கேளுங்கள். அப்போது நம் வண்டி ரெஃபர் கேஸில் வெளியே இருந்தது எத்தனை மணி நேரம், எந்த ஆஸ்பத்திரி எதற்காக ரெஃபர் செய்தது என்று கேளுங்கள். மாரடைப்பு, தலைக்காயம் கேஸ்களில் முதலில் சேர்த்த ஆஸ்பத்திரியிலேயே சிகிச்சை முடிந்தது எத்தனை பேருக்கு என்று கேளுங்கள். இதில் பாதிக்கு மேல் கட்டுப்பாட்டு மையக் கணினியில் ஏற்கனவே இருக்க வேண்டிய விவரம்தான். முப்பது நாளில் பதில் வரவேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீட்டுக்கு ஸ்டாம்ப்கூட வேண்டாம்.